மிதிச்சியா?

அக்கா புருஷனிடம் வண்டி வாங்குவதைவிட மண்வெட்டி பிடித்தே முதுகு ஒடிந்து போகலாம் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். கடைசியில் வாங்கியது அவரிடம்தான். அதற்குக் காரணம் அவருடைய வாய்.

சின்னவள் மரக்கன்று வளர்த்து விற்கிறவள். மண்ணும் எருவும் உள்ளே கொண்டுபோகவும், தாய்மரங்களுக்கு நடுவில் களை உழவும் அவளுக்கு நாலடி அகலத்தில் ஒரு சின்ன டிராக்டர் வேண்டியிருந்தது. பெரிய வண்டி அந்த வரிசைகளுக்குள் நுழையாது. சுற்றுவட்டாரத்தில் விலைக்கு வந்திருந்த ஒரே சின்ன வண்டி அவருடையது. எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். எல்லோரும் அவரைக் காயில்காரர் என்றுதான் சொல்வார்கள். கை வேலை அவ்வளவு சுத்தம். வாய்தான் சாக்கடை.

பட்டறை வாசலில் நின்று கேட்டாள். "மாமா, அந்தச் சின்ன வண்டிய குடுக்கப் போறீங்களாமே. எனக்குக் குடுங்க."

அவர் ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "யாருக்கு வேணா குடுப்பேன், உனக்கு மாட்டேன். இந்தக் குடும்பத்துல ஒரு பொம்பள அந்த வண்டிய எடுத்தது போதும். நீயும் போய் எங்கயாவது மோதிட்டு, நான் மிதிக்கவே இல்லன்னு சாதிப்பே."

மோட்டாருக்காகக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அது போகட்டும், ஊரான் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான். டீ டம்ளர்களோடு உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டே வந்த அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. இனி அந்த வண்டியை வாங்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கொட்டகையில் நின்றிருந்த அந்த டிராக்டரின் பின்சக்கரம் அக்காவின் இடது பாதத்தில் ஏறி இறங்கியது. அதற்கு முன் அவள் அந்த வண்டியைத் தொட்டு ஓட்டியவள் அல்ல. பட்டறைக்குள்ளிருந்து அவர் குரல் கொடுத்தாராம்: "அந்தச் சாவியக் கொஞ்சம் திருப்பு, பாட்டரி இருக்கான்னு பாப்போம்." அவள் கீழே நின்றபடியே சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, வலிக்குதா என்பதல்ல. "மிதிச்சியா?"

"இல்ல. கீழ நின்னுதான் திருப்பினேன். நீங்கதானே திருப்பச் சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? கிளட்ச் மிதிக்காம அந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. நீ மேல ஏறி உக்காந்து, மிதிச்சு, ஸ்டார்ட் பண்ணி, கியர்ல கெடக்கறதப் பாக்காம குதிச்சிருக்க. உண்மையச் சொல்லு. மிதிச்சியா?"

கம்பெனி கொடுத்த புத்தகத்தை எடுத்து வந்து டாக்டரிடம் காட்டினார். கிளட்ச்சை மிதித்தால்தான் சாவி வேலை செய்யும் என்று அச்சில் இருந்தது. அந்த வரியைப் போட்டோ எடுத்து வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பினார். மகன் போனில் அம்மாவிடம், "புக்லயே போட்டிருக்கேம்மா, ஏம்மா பொய் சொல்ற?" என்று கேட்டுவிட்டான். அவளுக்குக் கால் வலித்ததைவிட அது வலித்தது. அதைச் சின்னவளிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. பால் பொங்கினால் "மிதிச்சியா?", மாத்திரைச் சீட்டு தொலைந்தால் "மிதிச்சியா?". மகனும் விளையாட்டாக அதையே பிடித்துக்கொண்டான். அவள் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரின் சாவியை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பட்டறைக்கு வரும் ஆட்களிடம் பேசி வேலை முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பொம்பளை, கேஸைத் திருகிவிட்டோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிறவளாக ஆனாள். போன வருஷம் ஒருநாள் சின்னவளிடமே சொன்னாள்: "மிதிச்சுத்தான் இருப்பேன் போலடி. எனக்குத்தான் ஞாபகம் இல்ல." அக்கா பொய் சொல்கிறவள் அல்ல என்பது சின்னவளுக்குத் தெரியும். ஆனால் அச்சடித்த புத்தகத்துக்கு எதிரில் வெறும் நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதுதான் மூன்று வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த முள்.

மறுவாரம் போய் நின்றாள். வாங்க வந்த இன்னொருவன் அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்ததால் காயில்காரர் இறங்கி வந்திருந்தார். இறங்கினாலும் வாய் இறங்கவில்லை. "பாத்துக்கோ, பத்துத் தடவ சுத்திப் பாத்துக்கோ. அப்புறம் அது நொட்டை இது நொள்ளைன்னு வரக் கூடாது."

சின்னவள் பானெட்டின் மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது.

"இப்பதான் ஓட்டினீங்களா?"

"காலைல ஒரு சுத்து."

"ஆறட்டும். நான் உக்காந்திருக்கேன்."

"உனக்கு வேற பொழப்பு இல்லையா?"

"இல்ல மாமா."

பழைய வண்டி விற்கிறவன் எவனும் இன்ஜினைச் சுடவைத்துத்தான் காட்டுவான். ஆறிய இன்ஜின் எப்படி எடுக்கிறது என்பதில்தானே சங்கதி இருக்கிறது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். அவர் சுத்தியலை வேண்டுமென்றே ஓங்கி ஓங்கி அடித்தார். அவள் அசையவில்லை. எழுந்துபோய் ஆயில் குச்சியை உருவினாள். தார் மாதிரி கருப்பு, ஆனால் தண்ணீர் கலக்கவில்லை. டயரில் வெடிப்பு. ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. மேல்பூச்சு முழுவதும் நீலம். அடிப்பக்கம் மட்டும் வெளிறிய நீலம், ஆள் கையால் பிரஷ் அடித்தது. கைப்பிரேக்கை இழுத்தாள். இழுத்த இடத்தில் நிற்காமல் தொப்பென்று விழுந்தது.

"அது அப்படித்தான். லாக் பிடிக்காது. கியர்ல போட்டு நிறுத்து, எங்கயும் போகாது."

"எப்ப இருந்து பிடிக்கல?"

"நான் வாங்கினதுல இருந்தே. நான் எப்பவும் கியர்லதான் போட்டு நிறுத்துவேன்."

சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியானால் அன்றைக்கு வண்டியைக் கியரில் போட்டு வைத்தது யார்? கேட்கவில்லை. கேட்டால், ஏறி உட்கார்ந்தவள் பார்த்திருக்க வேண்டாமா என்பார். பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

இன்ஜின் ஆறியதும் அவர் கியரை ஆட்டி விடுவித்துவிட்டு, பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருப்பினார். குப்பென்று கரும்புகை வந்தது. புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா என்று பார்ப்பதிலேயே சின்னவளின் கண் இருந்தது. கரும்புகைதான், அதுவும் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. இன்ஜின் சத்தம் கேட்டதுமே அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் அப்படித்தான். விலை பேசி முடித்தார்கள். கிளம்பும்போது ஒரு கிழிந்த பையில் ஸ்பானர்களையும் அந்தப் புத்தகத்தையும் போட்டுக் கொடுத்தார். "படிச்சுப் பாத்து ஓட்டு. உங்கக்கா மாதிரி பண்ணிடாத."

புத்தகத்தைக் கொடுத்தாரே, அதைத்தான் சொல்ல வேண்டும். திமிர் பிடித்தவனுக்கு ஞாபகமறதி வந்தால் இப்படித்தான்.

சின்னவள் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிடித்தாள். அவளுக்கு எதையும் வரிசையாகச் செய்தால்தான் தூக்கம் வரும். ஆயிலை மாற்றினாள். டீசல் வடிகட்டியைக் கழற்றியபோது அதிலிருந்து சேறு வந்தது. புதிது போட்டு, குழாயில் ஏறியிருந்த காற்றை எடுத்தாள். ரேடியேட்டரின் கண்களில் எட்டு வருஷத்துப் புல்லும் பூச்சியும் அடைந்து கிடந்தன. அவற்றை ஊசியால் குத்திக் குத்தி எடுக்கும்போது ஒவ்வொரு குத்துக்கும் காயில்காரரை ஒரு வார்த்தை திட்டினாள். மோட்டாருக்கு நூல் நூலாகக் கம்பி சுற்றுகிற மனுஷன் சொந்த வண்டியைக் குப்பைத்தொட்டியாக வைத்திருந்திருக்கிறார். இரண்டு வாரம் போனது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஆறாவது சோதனை: 'இருக்கையில் அமரவும். கியரை விடுவிக்கவும். கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பவும். இன்ஜின் சுழலக் கூடாது. சுழன்றால் வண்டியைப் பயன்படுத்த வேண்டாம்.' டாக்டருக்கும் மகனுக்கும் காட்டிய அதே பக்கம்தான். அவர் காட்டியது அந்த வரி இருந்த மேல் பாதியை மட்டும்.

உட்கார்ந்தாள். கியரை விடுவித்தாள். இரண்டு காலையும் தூக்கி மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் எடுத்தது.

அணைத்தாள். மறுபடி திருப்பினாள். மறுபடியும் எடுத்தது. விற்ற அன்றைக்கும் அந்த மனுஷன் கீழே நின்றுதானே திருப்பினார் என்பது அப்போதுதான் உறைத்தது. புகையைப் பார்த்தவள் காலைப் பார்க்கவில்லை. தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள்.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவு சுவிட்ச் இருந்தது. பெடலை மிதித்தால் அது அமுங்க வேண்டும், அப்போதுதான் சாவிக்குக் கரன்ட் போக வேண்டும். அந்த சுவிட்சில் வயரே இல்லை. அதன் வாய் முழுக்க மண். அதற்கு வர வேண்டிய இரண்டு வயர்களும் மிதிக்காமலே கரன்ட் போகும்படி மேலே ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. சாதாரண எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப் சுற்றியிருப்பான். இது வெள்ளைப் பருத்தி நாடா. நெருக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே விட்டு இழுத்து, மேலே வார்னிஷ் தடவியிருந்தது. மோட்டார் காயிலின் தலையைக் கட்டுகிற கட்டு. இந்த வட்டாரத்தில் அப்படிக் கட்டத் தெரிந்தது ஒரே ஒரு கை.

அந்தக் கட்டின் மேல் வெளிறிய நீலப் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது.

காயில்காரர் வெளியே போகும் நேரம் பார்த்து அக்காவைக் கூட்டி வந்தாள். அக்காவால் குனிந்து படுக்க முடியாது. சின்னவள் முகம் பார்க்கும் கண்ணாடியை வண்டிக்கு அடியில் தரையில் வைத்து, டார்ச் அடித்துக் காட்டினாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது அவர் கட்டுதான்," என்றாள். உடனே, "எனக்கு அடிபட்டப்புறம் கட்டியிருப்பாரு," என்றாள்.

சின்னவளுக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. தன்னைக் குற்றவாளியாக்கிய ஆளுக்கு அவளே வக்கீல். "மேல இருக்கிற பெயின்ட்டப் பாருக்கா. அத அடிச்சது யாரு?"

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான். வண்டி வந்த ரெண்டாவது வருஷம். நீலம் பத்தல, வீட்டுல கிடந்த வெள்ளையக் கலந்து அடிப்பக்கத்துக்கு அடிச்சேன். வயர் கியர்னு பாக்காம எல்லாத்து மேலயும் அடிச்சிட்டேன்னு திட்டினாரு." அவள் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. "நான் பெயின்ட் அடிக்கறப்பவே அது கட்டியிருந்துச்சா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் மிதிக்கல."

"நீ மிதிக்கல."

அக்கா அழுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அக்கா அழவில்லை. இடது பாதத்தைப் பார்த்தாள். தேள் கொட்டுவதுபோல் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று முகத்தில் தெரிந்தது, ஆனால் அவள் சொன்னது வேலை சொல்கிற மாதிரிதான் இருந்தது. "அந்தக் கட்டோட வெட்டி எடுத்து எங்கிட்ட குடு. புது சுவிட்ச் மாட்டு. அப்புறம் அவரக் கூப்பிட்டு, வண்டி எடுக்க மாட்டேங்குதுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

புது சுவிட்ச் வாங்கி மாட்டிய மறுநாள் காலையில் சின்னவள் போன் செய்தாள். தேனாகப் பேசத் தெரியாது அவளுக்கு, ஆகவே தெரிந்த மாதிரியே பேசினாள். "மாமா, கெட்டுப்போன வண்டிய என் தலையில கட்டிட்டீங்க. சாவியத் திருப்பினா செத்த மாதிரி கிடக்குது. இப்ப வந்து பாக்கலன்னா, இதான் காயில்காரர் லட்சணம்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

அரை மணியில் வந்துவிட்டார். தொழிலைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் அக்காவும் வந்திருந்தாள். யாரிடமும் பேசாமல் வண்டிக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

காயில்காரர் இடப்பக்கம் நின்று கியரை ஆட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. ஹாரனை அமுக்கினார், அடித்தது. "பாட்டரி இருக்கே." மறுபடி திருப்பினார். மூன்றாவது முறை திருகியபோது சாவி வளைந்துவிடும் போலிருந்தது.

"நல்லாப் பாருங்க மாமா. நீங்க வச்சிருந்தப்பவும் இப்படித்தான் மக்கர் பண்ணிச்சா?"

"எங்கிட்டயா?" அவர் நெற்றி நரம்பு புடைத்தது. "எட்டு வருஷம். எட்டு வருஷமா இப்படிக் கீழ நின்னு சாவியத் தொட்டா போதும், எடுக்கும். மிதிக்கக்கூட வேணாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஏமாத்தினது இல்ல. நீ என்னத்த நோண்டித் தொலைச்சே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தன் சத்தமே கேட்டது போலிருக்கிறது. சாவியிலிருந்து கையை எடுத்தார். சின்னவளைப் பார்த்தார். அக்கா பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அக்கா கைக்குள் வைத்திருந்ததை எடுத்துப் பானெட்டின் மேல் வைத்தாள். நாடா சுற்றி, வார்னிஷ் தடவி, வெளிறிய நீலம் காய்ந்த இரண்டு அங்குல வயர்.

"அது வந்து... சுவிட்ச் அப்ப போயிருச்சு," என்றார். "ஆர்டர் போட்டா மாசக்கணக்காகும். தற்காலிகமாத்தான் கட்டினேன்." பிறகு, "சரி விடு. நடந்தது நடந்துபோச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம்? ஏறு, போலாம்," என்றார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரில என் பக்கத்துல உக்காந்து கேட்டீங்களே, அப்பவே தெரியும்."

அவர் ஸ்கூட்டரைப் பார்த்து நகர்ந்தார். அக்கா போனை எடுத்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டுப் பானெட்டின் மேல், அந்த வயருக்குப் பக்கத்தில் வைத்தாள். மகன் எடுத்தான்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லப்பா. உங்க சித்தி தோட்டத்துல இருக்கோம். பழைய டிராக்டர் எடுக்க மாட்டேங்குது. உங்கப்பா கீழ நின்னு சாவியத் திருப்பிட்டே இருக்காரு. எட்டு வருஷமா அப்படித்தான் எடுப்பாராம். இதோ பக்கத்துலதான் இருக்காரு."

மகன் சிரித்தான். அந்த வீட்டில் மூன்று வருஷமாக எல்லோரும் சிரித்த அதே சிரிப்பு. "அப்பா, மிதிச்சீங்களா?"

காயில்காரர் ஸ்கூட்டரின் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா? மிதிக்காம எப்படிப்பா எடுக்கும்? புக்லயே போட்டிருக்குன்னு நீங்கதானே அனுப்பினீங்க?" சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. "அம்மா, எட்டு வருஷமான்னா சொன்னே?"

அக்கா போனை எடுக்கவில்லை. புருஷனைப் பார்த்தபடி நின்றாள்.

"பையன் கேக்கறான்," என்றாள். "சொல்லுங்க."